புகையிரத நிலையம் என்னும் அம்பலம்

அம்பலம் என்பது தமிழிற் பழைய சொல். பலர் கூடும் வெளிக்கும், வழிப்போக்கர் தங்கும் பொதுவிடத்துக்கும் அது பெயர். மன்று, பொதியில் என்பன அதன் உறவினர். சிங்கள மக்கள் வழியோரத் தங்குமடத்தை 'அம்பலம' என்பர். மொழி இரண்டு, சொல் ஒன்று. இரு சாராரும் சொல்லை மட்டுமா பகிர்ந்துகொண்டனர்? வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் நிழலையும் அன்றோ பகிர்ந்துகொண்டனர்!

நடந்து திரிந்த காலத்தில் அம்பலம் செய்த பணியை, இரயில் ஓடும் காலத்திற் செய்வது புகையிரத நிலையம். ஆதலின், நிலையத்தின் உள்ளகத்தைப் புதுக்குவதும் பேணுவதும் பொறியியலாளர்க்கு மட்டும் உரிய பேச்சு அன்று. தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் அதிற் பங்குண்டு. அப்பங்கு யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இப்பேச்சு இப்பொழுது எழுவதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டெம்பரில், நாடெங்குமுள்ள 100 புகையிரத நிலையங்களைப் புதுக்கும் திட்டமொன்று கொழும்பு மருதானை நிலையத்திலே தொடக்கிவைக்கப்பட்டது. காலையும் மாலையும் அலுவலகம் செல்வோர் வெள்ளம்போல் வந்து வடியும் நிலையம் அது. அங்கே தொடங்கியது பொருத்தமே. ஆயின் மூன்று திங்கள் கழியுமுன், நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன, மலையகப் பாதை பல இடங்களிற் சிதைந்தது, வண்டிகள் நின்றன. கட்டுவது ஒரு பணி, கட்டியதைக் காப்பது மற்றொரு பணி என்பதை ஊவா மக்களுக்கு அப்புயல் நன்கு உணர்த்திற்று.

பதுளைக்கு இரயில் வந்த கதையையும் சற்றே நினைவுகூர்தல் நன்று. கொழும்பிலிருந்து புறப்பட்ட பாதை 1867இற் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை. கண்டிக்கும் பதுளைக்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்தன. பட்டிப்பொளையிற் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,898 மீற்றர் ஏறி, அங்கிருந்து ஊவாவுக்கு இறங்கி, எல்லையைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ஊர்ந்து, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து, அந்நிலையத்துக்கு நேர்கீழே சுரங்கத்தின் வழியாக நுழைந்து, ஹாலிஎலையைத் தொட்டுப் பதுளையில் முடிகிறது அப்பாதை. கொழும்புக் கோட்டையிலிருந்து 292 கிலோமீற்றர். இதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்து வருவோர்க்கு உலகம் தொடங்கும் வாயில் அதுவே.

இப்பாதை முதன்மையாக யாருக்காகப் போடப்பட்டது? கோப்பிக்காக. கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலைக்காக. பயணியை விடத் தேயிலைப் பெட்டிக்கே அன்று பெருமதிப்பு. பெட்டி நனையக்கூடாது, மணம் மாறக்கூடாது, தரையிற் கிடக்கக்கூடாது. இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தனர். பெட்டியைச் சுமந்தவனும், பெட்டியிலிருந்த கொழுந்தைக் கிள்ளியவளும் எங்கே இருந்து இளைப்பாறுவர் என்ற கேள்வி பின்னரே எழுந்தது. முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று வண்டியிற் பிரித்தவர், காத்திருக்கும் இடத்தையும் அவ்வாறே பிரித்தனர். ஆகவே பழைய நிலையமொன்றைப் புதுக்குவோர் சுவருக்குச் சாயம் பூசுவதோடு நில்லாமல், அச்சுவர் யாரை மனத்தில் வைத்து எழுப்பப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும்.

மணிமேகலைக் காப்பியம் கற்றோர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். மணிமேகலை வேண்ட, சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினான். கட்டடத்தை இடித்தான் என்பது கதையன்று. சுவர் அதுவே, கூரை அதுவே. உள்ளிருந்த நோக்கம் மாறிற்று. உள்ளகப் புதுக்கத்துக்கு இதனினும் சிறந்த இலக்கியச் சான்று வேறு யாதுளது?

இனி, நல்ல பொதுவிடம் ஒன்றுக்கு வேண்டுவன யாவை? இதற்கு விடை காண அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பழந்தெருக்களை நோக்குக. அங்கே வழியோரத்தில் நான்கு பொருள்களை ஒருங்கே காணலாம். தங்குவதற்கு மடம், நீருக்குக் கேணி, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கி, மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல். இவற்றை அமைத்தவர் நடப்பவனின் களைப்பை அறிந்தவர். வாயில்லாப் பிராணியின் தினவையும் அறிந்தவர். நிழல், நீர், சுமை, மெலியார் என்னும் இந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டு இன்றைய நிலையத்தை உரைத்துப் பார்க்கலாம்.

இவ்வுரைகல் எத்துணை வேண்டற்பாலது என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன். மலைநாட்டு நிலையமொன்று, பெயர் வேண்டா. மழைநாள். இரவு வண்டிக்காக நான் காத்திருந்தேன். அருகில் ஒரு முதியவள். மடியிலே பெரிய பொட்டணி. தரை நனைந்திருந்தமையால் அதைக் கீழே வைக்க மனமின்றி, மூன்று மணிநேரமாக மடியிலேயே வைத்திருந்தாள். ஒலிபெருக்கி ஏதோ கரகரத்து ஓய்ந்தது.

"ஐயா, கொழும்புக் கோச்சி எந்தப் பக்கம் வருதுங்க? என்னமோ சொன்னாங்க, ஒண்ணும் வெளங்கலிங்க" என்றாள்.

"இதே பக்கந்தான் அம்மா. இன்னும் நேரம் இருக்கிறது. தனியாகவா போகிறீர்கள்?"

"ஆமாங்க. மக கொழும்புல வூட்டு வேலைக்கு நிக்குது. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்."

என்னிடமிருந்த தண்ணீரை நீட்டினேன். வாங்கவில்லை. "வேணாங்க. காலையில இருந்தே குடிக்கல. குடிச்சா எங்கிட்டுப் போறது? பொம்பளைங்க பக்கம் பூட்டியில்ல கெடக்கு" என்றாள்.

மகளைப் பார்க்கப் போகும் தாய் தாகத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறாள். வறுமையால் அன்று, ஒரு கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தமையால். அக்கதவின் மேல் எத்தகைய சித்திரம் தீட்டினால் இக்குறை தீரும்? நிழல் இருந்தது, நீர் இருந்தும் பயன்படவில்லை, சுமைக்கு இடமில்லை, மெலியாரை எவரும் நினைக்கவில்லை. நான்கில் மூன்று தவறிய நிலையம் அது.

ஆதலின் புதுக்குவோர் முதலிற் செய்யற்பாலது மலசலகூடம். இரண்டாவது, குடிநீர். மூன்றாவது, இருக்கைக்கு அருகே முழங்காலளவு உயரத்தில் மூட்டை முடிச்சுகளை வைக்க ஒரு திண்ணை. இஃது அக்காலச் சுமைதாங்கியின் மறுபிறப்பு. நான்காவது, குழந்தைக்குப் பாலூட்டும் தாயர்க்கு மறைவிடம். வண்ண விளக்கும் கண்ணாடிச் சுவரும் இவற்றின் பின்னர் வரட்டும்.

தரையைப் பற்றியும் ஒரு சொல். பளபளக்கும் கல் படத்திலே அழகு, மழைநாளிலே ஆபத்து. ஈரச் செருப்போடும் வெறுங்காலோடும் நடப்போர் மிக்க மலைநாட்டில், தரை சற்றுச் சொரசொரப்பாகவே இருத்தல் வேண்டும். கண்பார்வை அற்றோர்க்குத் தரையே வழிகாட்டி. 1967இல், ஜப்பானின் ஒகயாமா நகரத்தில், செயிச்சி மியாகே என்பார் காலால் உணரத்தக்க புடைப்புக்கற்களைத் தெருவிற் பதிப்பித்தார். பார்வையற்றோர் பள்ளியின் அயலிலே தொடங்கிய அம்முயற்சி இன்று உலகத்துப் புகையிரத மேடைகள் எங்கும் பரவியுள்ளது. நீண்ட கோட்டுப் புடைப்பு 'செல்க' என்னும். வட்டப் புடைப்பு 'நில்' என்னும். காலால் வாசிக்கும் எழுத்து அது. எழுத்தாசிரியனாகிய எனக்கு அதன்மேற் பெருமதிப்பு உண்டு.

உள்ளக அமைப்பு உயிரையே காக்கும் அல்லது போக்கும் என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவேன். 2017 செப்டெம்பர் 29ஆம் நாள், மும்பை எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தில், ஒடுங்கிய மேம்பாலப் படியொன்றில் நெரிசல் ஏற்பட்டு 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழைக்கு ஒதுங்க வேறிடம் இன்மையாற் பலர் அப்படியிலே நின்றுவிட்டனர்; அடுத்தடுத்து வந்த வண்டிகளிலிருந்து இறங்கியோரும் அதே படிக்கு வந்தனர். படி ஒடுக்கம் என்பது ஒரு குறை. ஒதுங்க நிழல் இல்லை என்பது மற்றொரு குறை. இரண்டும் சேர்ந்த இடத்திற் கூற்றுவன் நின்றான்.

மற்றது இலண்டன் மாநகரத்துக் கிங்ஸ் கிராஸ் நிலக்கீழ் நிலையம். 1987 நவம்பர் 18ஆம் நாள் அங்கே மூண்ட தீயில் 31 பேர் இறந்தனர். எவரோ எறிந்த தீக்குச்சி, மரத்தாலான நகரும் படிக்கட்டின் இடுக்கில் வீழ்ந்தது. கீழே மசகெண்ணெயும், கடதாசித் துண்டும், தூசியும் திரண்டு கிடந்தன. 1940களில் அப்படிக்கட்டு அமைக்கப்பட்ட நாள்முதல் அப்பகுதி முழுமையாகத் துப்புரவு செய்யப்படவேயில்லை என்று விசாரணையிலே தெரிந்தது. நிலக்கீழ் நிலையங்களிற் புகைத்தல் 1985இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. சட்டம் இருந்தது; விளக்குமாறு இல்லை! துப்புரவுத் தொழிலாளியின் பணியைத் தாழ்வாக எண்ணுவோர் இச்செய்தியை இருமுறை படிப்பாராக.

பேணுதல் என்பது நாட்டுக்கு நாடு, மலைக்கு மலை வேறுபடும். ஊவாவின் காலநிலை தனித்தன்மை உடையது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த கச்சான் காற்றாக இப்பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் மணம் அக்காலத்தே விளைவது. பின்னர் ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை இங்கே பெய்யும். ஆகவே இம்மாகாணத்து நிலையங்களிற் கூரையையும் பீலியையும் கச்சான் வீசும் காலத்திலேயே திருத்திவிடல் வேண்டும். பீலியில் அடைத்த சருகு ஒரு பிடிதான். அது செய்யும் கேடோ பெரிது. நீர் சுவருக்குள் இறங்கும், மரம் உளுக்கும், ஆணி துருப்பிடிக்கும், ஈராண்டில் ஒரு கூரை போய்விடும்.

பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்து பூசி, அதன்மேல் நீர் புகாத மெழுகுச் சாயம் தீட்டுவது பலரும் செய்யும் வழக்கம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுவது. உட்புகுந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளிவிடும். அதன் வாயை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லையும் சாந்தையும் அரிக்கும். முதலாண்டில் அழகாய் இருக்கும் சுவர் மூன்றாமாண்டிற் கொப்புளித்து உரிவது இதனாலே. நம் முன்னோர் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்பு அடித்தனர். அஃது ஏழைமையன்று; அறிவு.

இனி நமக்கு நேரே உரியதாகிய எழுத்துக்கும் பேச்சுக்கும் வருவோம். நிலையத்தின் உள்ளகத்திற் பெயர்ப்பலகையும் ஒரு தூண் போன்றது. 1956இற் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தாற் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. சட்டத்தில் எழுதியதைப் பலகையில் எழுதுவோர் பிழையின்றி எழுதல் வேண்டும். பேருந்து ஒன்றிற் கர்ப்பிணித் தாய்மார்க்கென ஒதுக்கிய இருக்கையின் மேல், 'தா' என்னும் எழுத்து 'நா' ஆகிவிட்ட கொடுமையைப் பலர் படமெடுத்துப் பரப்பியதை வாசகர் அறிவர். எழுதியவர் தமிழ் அறியாதவர். வாசித்துப் பார்க்கத் தமிழ் அறிந்தவர் எவரும் அழைக்கப்படவில்லை. ஓரெழுத்து இடம் மாறியதில் ஒரு மக்கட்கூட்டம் அவமதிக்கப்பட்டது.

ஒலிபெருக்கிச் சொற்களும் ஆராயத்தக்கன. 'புகையிரதம்' என்று நாம் எழுதுகிறோம். 1950களில் டீசல் இயந்திரம் வந்தபின் அக்கரும்புகை மறைந்தது. இரதம் என்றுமே இருந்ததில்லை. ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. நிலைத்ததை மாற்ற வேண்டுவதில்லை. தோட்டத்து மக்கள் 'கோச்சி' என்பர். சிங்கள மக்கள் 'கோச்சிய' என்பர். ஆங்கிலத்துக் 'கோச்' என்பதன் வழி வந்தது போலும். அம்பலத்தைப் போலவே கோச்சியும் இரு மொழிக்கும் பொதுவாயிற்று. பண்டிதர் சிலர் அச்சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பர். அறிவிப்பிற் செந்தமிழ் இருப்பது சிறப்பே; ஆயின் கேட்போர்க்கு விளங்குதல் அதனினும் சிறப்பு. 'பிரயாணிகளின் மேலான கவனத்துக்கு' என்று நீட்டி முழக்குவதனாற் பயன் என்னை? 'கொழும்புக்குப் போகும் வண்டி இரண்டாம் மேடைக்கு வருகிறது' என்று நிறுத்தி இருமுறை சொன்னாற் போதும். ஊர்ப்பெயர் முதலில், மேடை இலக்கம் அடுத்து, நேரம் பின்னர். பொட்டணியோடு இருக்கும் முதியவளுக்கு விளங்கினால் அதுவே நற்றமிழ்.

இன்னுமொன்று உண்டு. அதைச் சொல்லாது விட மனம் ஒருப்படவில்லை. மலையகத்துப் புகையிரத மேடைகள் கண்ணீரால் நனைந்தவை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர். 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்றனர். அதன் பின் ஆண்டுக்கணக்காக மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கி வண்டிகள் புறப்பட்டன. லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்தோர், தாம் காணாத தாய்நாட்டுக்குச் சென்றனர். அண்ணன் வண்டிக்குள், தம்பி மேடையில். மேடையில் எழுந்த ஒப்பாரியால் அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வரலாற்றுநூல் எழுதுவோர் பல பக்கங்களிற் சொல்வதை அவ்விரு சொற்கள் சொல்லிவிட்டன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புதுக்கம் என்ற பெயரால் இந்நினைவையும் வெள்ளையடித்து மறைத்துவிடலாகாது. நியூயோர்க் நகரத்துக் கிராண்ட் சென்ட்ரல் நிலையம் 1913இல் திறக்கப்பட்டது. அதன் விதானத்தில் விண்மீன் கூட்டங்கள் தீட்டப்பட்டுள்ளன. பல்லாண்டு அழுக்கேறிக் கறுத்த அவ்விதானத்தை 1990களிலே துப்புரவாக்கியபோது, ஒரு மூலையிற் சிறுபகுதியை மட்டும் துடையாது கறுப்பாகவே விட்டனர். முன்பிருந்த நிலையை வருவோர் காணட்டும் என்பது கருத்து. நம் நிலையங்களிலும் அத்தகைய ஒரு சிறு மூலை வேண்டும். பழைய மரஇருக்கை ஒன்று, கடதாசி அட்டைப் பயணச்சீட்டு ஒன்று, 'இம்மேடையிலிருந்து பிரிந்து சென்றோர் நினைவாக' என்று மும்மொழியிலும் எழுதிய ஒரு கல். இவை பெருஞ்செலவு வேண்டாதவை. பிரிந்தோரின் பேரர் ஒருநாள் நீலகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ வந்து தேடினால், காட்டுவதற்கு நமக்கு ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ?

இவற்றுள் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை யாவை? மூன்று சொல்வேன். முதலாவது, தத்தம் ஊர் நிலையத்திலுள்ள தமிழ்ப்பலகைகளைத் தவணைக்கொருமுறை மாணவரோடு சென்று வாசியுங்கள். பிழை கண்டால் திருத்திய வடிவத்தைத் தெளிவாக எழுதி நிலைய அதிபருக்குக் கொடுங்கள். குறைகூறும் கடிதத்தினும் திருத்தித் தரும் கடிதம் விரைவிற் பயன் தரும். இரண்டாவது, ஒப்பாரிக் கோச்சியைக் கண்ணாற் கண்டோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். அவர் கூறுவதை மாணவர் கேட்டு எழுதிவைக்கட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் கிடையாது. மூன்றாவது, புதுக்கத் திட்டம் உங்கள் ஊருக்கு வரும் நாளில், வரைபடத்தை விரிக்கும் கூட்டத்துக்குச் செல்லுங்கள். 'மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கும்? இரவு வண்டி புறப்படும்வரை அது திறந்திருக்குமா? பீலியைத் துப்புரவாக்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?' என்று அங்கே கேளுங்கள். விழாவுக்கு வந்தோர் விடைபெற்றுச் சென்றபின் நிலையத்தைக் காக்கப்போவது இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே.